கிராஃப்ட் பீர்: வகை, ஃபிரெஷ், விலை பற்றி மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாத உங்கள் கருத்து என்ன?

நுரைவளையம்

ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இங்கே கொட்டிவிடுகிறேன். திட்டுவதென்றால் திட்டுங்கள், காரணத்தையும் சொல்லித் திட்டுங்கள்.

கேனின் அடியில் அச்சடித்த தேதியை மட்டும் பார்த்து பீர் வாங்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். பேக் ஆகி ஒரு வாரம்தான் என்று தெரிந்தவுடன் கூடையில் போட்டுவிடுகிறோம். அந்த ஒரு வாரம் அது எங்கே கிடந்தது என்று கேட்பதே இல்லை. பீரைக் கெடுப்பது ஆக்ஸிஜன், சூடு, வெளிச்சம். நாள் கணக்கு என்பது இந்த மூன்றுக்கும் நாம் கொடுக்கும் அவகாசம், அவ்வளவுதான். ப்ரூவரிக்காரர்களிடம், அதாவது பீர் காய்ச்சும் ஆலைக்காரர்களிடம், 3-30-300 என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள்: மூன்றிலும் பீர் ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பழசாகும். பீருக்குப் பீர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் வெயிலில் நின்ற வண்டியில் கிடந்துவந்த பத்து நாள் பீரைவிட, முதல் நாளிலிருந்து குளிரிலேயே இருந்த மூன்று மாத பீரைத்தான் நான் நம்பி எடுப்பேன்.

அடுத்ததற்கு இன்னும் கோபம் வரும். நன்றாகச் செய்த ஒரு பில்ஸ்னரோ ஹெல்லஸோ (இரண்டும் குளிரில் மெதுவாகப் பக்குவப்படும் லாகர் வகை), ஹேஸி டபுள் ஐபிஏ (ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல்; கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்ட, கலங்கலான, வலுவான பீர் இது) என்ன விலையோ அதே விலைக்கு விற்கலாம். நான் கொடுப்பேன். 1842ல் பில்சன் நகரத்தில் ஜோசப் க்ரோல் வெளிர் மால்ட்டையும் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) அந்த ஊரின் மென்மையான தண்ணீரையும் சாஸ் ரக ஹாப்ஸையும் வைத்துக் காய்ச்சினாரே, அன்றிலிருந்து இந்த வகையில் குறையை ஒளிக்க இடமே கிடையாது. வெள்ளைத் துணியில் மை விழுந்த மாதிரி சின்னப் பிசகும் தெரிந்துவிடும். பச்சை ஆப்பிள் வாசனை, வெண்ணெய் வாசனை, வேகவைத்த சோள வாசனை, எது மிச்சமிருந்தாலும் முதல் மடக்கிலேயே காட்டிக்கொடுக்கும். அதை மறைக்க மேலே மாம்பழ மணம் வீசும் ஹாப்ஸ் கிடையாது. இவ்வளவு கஷ்டமான ஒன்றை மட்டும் மலிவாகக் கொடு என்று கேட்கிறோம்.

இன்னொன்று. இந்த வாரம் கேனில் அடைத்த ஹேஸி ஐபிஏ இன்னும் குடிக்கும் பக்குவத்துக்கு வரவில்லை. இரண்டு மூன்று வாரம் ஃபிரிட்ஜில் கிடக்கட்டும்.

கசப்பே_துணை

நண்பரே, லாகர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். தேதி விஷயத்தில் கடுமையாக மறுக்கிறேன்.

குளிரில் வைத்தால் பீர் பழசாவது மெதுவாகும், நிற்காது. ஐபிஏவுக்கு இரண்டு தனித்தனிச் சாவு இருக்கிறது. ஒன்று நீங்கள் சொல்லும் ஆக்ஸிஜன் சமாச்சாரம். இன்னொன்று ஹாப்ஸ் மணம் தானாகவே தேய்ந்துபோவது. மிர்சீன் போன்ற ஹாப்ஸ் எண்ணெய்களை பாட்டில் மூடியின் உள்பக்கப் படலமே உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் எவ்வளவு குளிரில் வைத்தாலும் மூடி மூடிதான். மூன்று மாத ஐபிஏ கெட்டுப்போயிருக்காது, குடிக்கலாம். ஆனால் மேலே எழும்பி வர வேண்டிய பைன் மரப் பிசின் வாசனையும் கிரேப்ஃப்ரூட் தோல் வாசனையும் அடங்கி, கசப்பும் மால்ட் இனிப்பும் மட்டும் மிஞ்சும். நான் அந்த மணத்துக்காகத்தான் காசு கொடுக்கிறேன்.

அமெரிக்காவின் ஸ்டோன் ப்ரூவரி 2012ல் 'என்ஜாய் பை' என்று ஒரு ஐபிஏ கொண்டுவந்தது. குடித்துமுடிக்க வேண்டிய தேதிதான் பீரின் பெயரே. பேக் ஆனதிலிருந்து ஐந்து வாரம் சொச்சம்தான் கெடு. அந்தத் தேதியை லேபிளில் இவ்வளவு பெரிதாகப் போட்டதை விளம்பரம் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அது வாங்குபவனுக்குக் காட்டிய மரியாதையாகத்தான் பட்டது.

முக்கியமான விஷயம்: அந்த பீர் எங்கே கிடந்தது என்று கேனில் எழுதியிருக்காது. தேதி எழுதியிருக்கும். என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். அதையும் பார்க்காதே என்றால் எதை வைத்து வாங்குவது?

நுரைவளையம்

தேதியைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தேதியோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். கடையில் கேன் குளிர்பெட்டிக்குள் இருக்கிறதா, அலமாரியில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். சரக்கு எப்படி வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்கலாம். பதில் சொல்பவரிடம் தொடர்ந்து வாங்கலாம். ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் பச்சை பாட்டிலை அடுக்கியிருக்கும் கடையில் எந்தத் தேதியும் உதவாது. வெளிச்சம் பட்டதும் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் வந்துவிடும். அந்தச் சேர்மம் ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். நல்ல வெயில் என்றால் சில நிமிடங்கள் போதும்.

நீங்கள் சொல்வது தெளிவாகவும் கசப்பாகவும் இருக்கும் வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏவுக்கு முழுக்கப் பொருந்தும். அதைச் சீக்கிரம் குடித்துவிட வேண்டும். ஹேஸியில் நிலைமை வேறு. ஹாப்ஸ் துகளும் துவர்ப்பு தரும் பாலிஃபீனாலும் இன்னும் மிதந்துகொண்டிருக்கும்போது குடித்தால் தொண்டையின் பின்பக்கம் கரகரவென்று எரியும். ஹாப் பர்ன் என்பார்கள். கொஞ்ச நாள் குளிரில் நின்றால் அது அடியில் படிந்து, பழ மணம் மேலே தெளிவாக வரும்.

தொட்டிக்காவலன்

நான் ஒரு சின்ன ப்ரூவரியில் தொட்டிப் பக்கம் வேலை பார்க்கிறேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. விலை பற்றிப் பேசும்போது வெளியே தெரியாத சில விஷயங்கள் இருக்கின்றன, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஹேஸி டபுள் ஐபிஏ விலை அதிகமாக இருப்பதற்கு உண்மையான காரணம் உண்டு. ட்ரை ஹாப், அதாவது காய்ச்சி முடித்தபின் மணத்துக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ், லிட்டருக்கு 20 கிராம் போடுவது இப்போது சாதாரணம். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 20 கிலோ. அதுவும் சிட்ரா, மொசைக் போன்றவை. இந்த ரகங்களை உருவாக்கியவர்களிடம் உரிமம் வாங்கியவர்கள்தான் பயிரிட முடியும். அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சியில் பிறந்து 1972ல் வெளிவந்த கேஸ்கேட் மாதிரி யார் வேண்டுமானாலும் நடலாம் என்ற கதை இல்லை. போட்ட ஹாப்ஸ் சும்மாவும் இருக்காது. பீரைக் குடித்து ஊதிப்போய், தொட்டியின் கூம்பு அடியில் பச்சைச் சேறாக உட்கார்ந்துவிடும். வால்வைத் திறந்து அந்தச் சேறை வெளியேற்றும்போது அதோடு போவது விற்க வேண்டிய பீர். வயிறு எரியும்.

லாகரில் ஹாப்ஸ் செலவு கம்மி. செலவு நாள்தான். ஐபிஏ மாதிரி சீக்கிரம் புளிக்கும் ஏல் வகை இரண்டு வாரம், இரண்டரை வாரத்தில் தொட்டியைக் காலி செய்துவிடும். ஒழுங்கான லாகர் ஐந்து ஆறு வாரம் உட்கார்ந்திருக்கும், அதில் பெரும்பகுதி பூஜ்ஜியம் டிகிரி பக்கம். ஒரு லாகர் இறங்குவதற்குள் அதே தொட்டியில் இரண்டு ஏல், சில சமயம் மூன்றாவதும் இறங்கியிருக்கும். தொட்டி வாங்கிய கடனுக்கு வட்டி லாகருக்காகக் காத்திருக்காது. டிகாக்ஷன் செய்கிறோம் என்றால், அதாவது மாவுக்கரைசலில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்பச் சேர்க்கும் அந்தப் பழைய முறை, வேலை நேரமும் எரிபொருளும் தனி. பில்ஸ்னர் உர்க்கெல்லில் இன்றைக்கும் மூன்று முறை செய்கிறார்கள்.

இவ்வளவு செய்து அதை ஹேஸி விலைக்கு வைத்தால் யாரும் எடுப்பதில்லை. பக்கத்து அலமாரியில் இருக்கும் பெரிய கம்பெனி லாகரோடு ஒப்பிடுவார்கள். அதனால் சின்ன ப்ரூவரிகளில் லாகர் கிட்டத்தட்ட ஆசைக்காகக் காய்ச்சுவதாகவே இருக்கிறது. நுரைவளையம் சொன்ன மாதிரி வாங்குபவர்கள் இன்னும் நூறு பேர் இருந்தால் எங்கள் முதலாளி லாகருக்காக இன்னொரு படுக்கைத் தொட்டி வாங்குவார்.

ஃபிரெஷ் பற்றி ஒன்று. நீங்கள் கடையைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் பேசுகிறீர்கள். பாதி விதி அதற்கு முன்பே, கேன் மூடும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. காலிக் கேனை கார்பன் டை ஆக்சைடால் ஊதி, பீரை நிரப்பி, மேலே நுரை எழும்பி விளிம்பைத் தாண்டும் அந்த நொடியில் மூடி நுரை மீது விழ வேண்டும். நுரை அரை நொடி முன்னால் அடங்கிவிட்டால், மூடிக்கும் பீருக்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்ளும். கரைந்த ஆக்ஸிஜன் நூறு கோடியில் 50 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எங்கள் இலக்கு. நல்ல ப்ரூவரிகள் அதைவிடக் கீழே வைத்திருக்கும். அளவிடும் கருவி விலை அதிகம், பல சின்ன இடங்களில் கிடையாது. அங்கே நேற்று அடைத்த ஹேஸி, மூன்று வாரத்தில் கண்ணாடி டம்ளரில் ஊற்றும்போதே தெரியும். வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டியது ஓரத்தில் சாம்பல் கலந்த பழுப்பாக, சில சமயம் ஊதாச் சாயல்கூட எட்டிப்பார்க்கும். மணத்தில் பழம் போய்த் தேனும் ஈர அட்டையும் வந்திருக்கும். அந்த பீரைத் தேதி பார்த்து வாங்கியவருக்கு என்ன சொல்வது?

பீப்பாய்_அரசி

தொட்டிக்காவலன் அண்ணா, அருமையாகச் சொன்னீர்கள். நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

ஃபிரெஷ் ஃபிரெஷ் என்று எல்லோரும் ஐபிஏவை வைத்தே பேசுவதால், அது பீர் உலகம் முழுக்கப் பொருந்தும் விதி மாதிரி ஆகிவிட்டது. லாம்பிக் என்ற பெல்ஜியப் புளிப்பு பீரைக் காய்ச்சுபவர்கள் ஹாப்ஸையே இரண்டு மூன்று வருடம் பழசாக்கித்தான் போடுகிறார்கள். கசப்பும் மணமும் போய், கெட்ட பாக்டீரியாவைத் தடுக்கும் குணம் மட்டும் அதில் மிஞ்ச வேண்டும். சுடச்சுட இறக்கிய சாறை அகலமான திறந்த தொட்டியில் ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காற்றிலும் மரத்திலும் இருக்கும் காட்டு ஈஸ்ட்டை அதில் வாழவிட்டு, பீப்பாயில் வருடக்கணக்கில் வைத்து, ஒரு வருடத்தது, இரண்டு வருடத்தது, மூன்று வருடத்தது என்று கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். அதை நல்ல இடத்தில் வைத்தால் பத்து வருடம் தாண்டியும் மேலே போய்க்கொண்டே இருக்கும். பெல்ஜியத்தின் ஓர்வால் மடத்து பீரை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் அடைக்கும்போதே ப்ரெட்டனோமைசஸ் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். புதிதில் ஹாப்ஸ் வாசனை தூக்கலாக இருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் போனால் தோல் வாசனையும் வறட்டுத்தன்மையும் ஏறி வேறு பீராகவே மாறும். மடத்தின் பக்கத்தில் இருக்கும் விடுதியில் இளசு, பழசு என்று இரண்டையும் தனித்தனியாக விற்கிறார்கள். எது சரி என்று கேட்டால் இரண்டும் சரி.

ஐபிஏவின் பாட்டனே கதையை மாற்றுவான். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய வெளிர் ஏல் நாலைந்து மாதம் பீப்பாயில் வெப்பக் கடல் தாண்டி வந்த பீர். அதைக் குடித்தவர்கள் பழசு என்று கொட்டவில்லை, அந்தப் பக்குவத்துக்காகவே கேட்டு வாங்கினார்கள். இன்றைய ஐபிஏவை அப்படி வைக்கச் சொல்லவில்லை, அது வேறு பொருள். ஒரே விதியை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, இது என் ஆட்களுக்கே பிடிக்காது. ஸ்டவுட் என்ற கறுத்த பீர் என்றாலே பெட்டியில் பூட்டிவைக்கும் பழக்கம் பைத்தியக்காரத்தனம். காபி போட்ட ஸ்டவுட் சில மாதத்தில் காபி மணத்தை இழந்து பச்சைக் குடைமிளகாய் வாசனைக்குப் போய்விடும். வெனிலா மங்கிவிடும், தேங்காய் மங்கிவிடும். எதையும் சேர்க்காத, ஆல்கஹால் 10 சதவீதத்துக்கு மேலே இருக்கும் ஸ்டவுட்டும் பார்லிவைன் என்ற வலுவான ஏலும் மட்டுமே வைக்கத் தகுந்தவை. அதிலும் பெரும்பாலானவை இரண்டு மூன்று வருடத்தில் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் சோயா சாஸ் மாதிரி உப்பு வாசனையும் மெல்லிய உடம்பும்தான். வாங்கியதைக் குடியுங்கள்.

பழக்கூழைக் கலந்து விற்கும் ஸ்மூத்தி சவர் (சவர் என்றால் புளிப்பு பீர்) வகையைக் கிராஃப்ட் என்று கொண்டாடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. புளித்து முடிந்த பீரில் சர்க்கரை நிறைந்த கூழைக் கொட்டி, சூடு காட்டி ஈஸ்ட்டைக் கொல்லாமல் கேனில் மூடுகிறார்கள். குளிர் விட்டதும் ஈஸ்ட் எழுந்து கூழைத் தின்ன ஆரம்பிக்கும், கேன் உப்பி வெடிக்கும். வாங்கியவர் வீட்டில் வெடிக்கலாம் என்று தெரிந்தே விற்பதைப் புதுமை என்று நான் ஏற்கமாட்டேன். கெட்டில் சவர் எனக்குப் பிடிக்கும், லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா ஒன்றிரண்டு நாளில் புளிப்பாக்கிக் கொடுத்துவிடும், எளிய நல்ல பீர். ஆனால் மூன்று வருட லாம்பிக் பக்கத்தில் அதே சவர் என்ற பலகையின் கீழே, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லாமல் வைப்பது நியாயமே இல்லை.

புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். நான் இப்போதுதான் கிராஃப்ட் பீர் பக்கம் வந்திருக்கிறேன். ஒரு சந்தேகம். குடித்துப் பார்த்துப் பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு எல்லாமே பீர் வாசனையாகத்தான் தெரிகிறது. ஒவ்வொன்றும் விலை அதிகமாக இருப்பதால் தெரியாமல் ஏமாறுகிறேனோ என்று பயமாக இருக்கிறது.

நுரைவளையம்

தம்பி, நல்ல கேள்வி. ஒரே பீரில், ஒரே தேதி அச்சடித்த இரண்டு கேன் வாங்குங்கள். ஒன்றை ஃபிரிட்ஜில் வையுங்கள். இன்னொன்றை அடுப்படி அலமாரியில், வெளிச்சம் படாமல் வையுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் குளிரவைத்து, இரண்டு டம்ளரில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி முகர்ந்து பாருங்கள். வெளிர் ஏலோ பில்ஸ்னரோ எடுத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெளியே இருந்ததில் ஈர அட்டைப்பெட்டி வாசனை லேசாக வரும். அது டிரான்ஸ்-2-நோனெனல் என்ற பொருள், நூறு கோடியில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே நாக்கு பிடித்துவிடும். ஒரு முறை இரண்டையும் சேர்த்து முகர்ந்துவிட்டால் அப்புறம் மூக்கு மறக்காது. எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித்தர முடியாது.

குழாயடி

பாரில் டாப் பக்கம், அதாவது பீர் ஊற்றும் குழாய் பக்கம், வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கேனைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி செய்பவர்கள் கூட, டாப்பில் வந்தால் ஃபிரெஷ்தான் என்று கேள்வியே கேட்காமல் நம்புகிறார்கள். இது எனக்கு ஆச்சரியம்.

முப்பது டாப் வைத்திருக்கும் இடத்தைப் பார்த்தால் வாயைப் பிளக்கிறோம். முப்பதில் ஐந்தாறுதான் வேகமாக ஓடும். மற்ற கெக் (பீர் அடைத்த உருளை) எல்லாம் வாரக்கணக்கில் திறந்தே கிடக்கும். கெக்கிலிருந்து டாப்புக்கு வரும் லைனில் நிற்கும் பீர் அங்கேயே சூடேறி நிற்கும். அமெரிக்காவின் ப்ரூவரிகள் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷனின் கையேடு 14 நாளுக்கு ஒருமுறை காரக் கரைசல் விட்டு லைனைக் கழுவச் சொல்கிறது. பிரிட்டனில் வாரம் ஒருமுறை என்பது வழக்கம். முப்பது லைனை ஒழுங்காகக் கழுவ ஒரு ஆள் பாதி நாள் வேண்டும், கழுவும்போது லைனில் இருக்கும் பீரெல்லாம் சாக்கடைக்குப் போகும். முதலாளிக்கு மனசு வராது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் டாப்பின் மூக்கைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வழவழப்பு வளையம். விரலால் வழித்தால் கயிறு மாதிரி வந்தது. அதன் வழியாக நாள் முழுக்க ஊற்றிக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர் வெண்ணெய் வாசனை வருகிறது என்று சொன்னால், அந்த பீரின் குணமே அப்படித்தான் என்று பதில் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. எனக்குத் தாங்கவில்லை, விலகிவிட்டேன்.

எட்டு டாப் போதும். எட்டும் ஓட வேண்டும், எட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். காஸ்க் ஏல் (பீப்பாயிலேயே பக்குவமாகி அங்கிருந்தே ஊற்றும் ஏல்) வைக்கும் இடம் என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும், திறந்த காஸ்க் மூன்று நாளில் முடிந்தாக வேண்டும், காற்று உள்ளே போய்விடும். விற்க முடியாத இடத்தில் காஸ்க் வைப்பது அந்த பீருக்கே செய்யும் துரோகம்.

அப்புறம் டம்ளர். உள்சுவரில் குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தால் டம்ளர் அழுக்கு. வெட்கப்படாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஹெடி டாப்பர் என்ற அமெரிக்க ஐபிஏவின் கேனில் 'கேனிலிருந்தே குடியுங்கள்' என்று எழுதியிருக்கும். ஹேஸி வகைக்கே வழி போட்ட பீர் அது, அந்த பீர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வரியை நான் ஏற்கவில்லை. மணத்துக்காகச் செய்த பீரை மூக்குக்கு எட்டாத சின்ன ஓட்டை வழியாகக் குடிக்கச் சொல்வது சரியில்லை.

கசப்பே_துணை

குழாயடி சார், எட்டு டாப் கருத்துக்கு என் முழு ஓட்டு. டம்ளருக்கும்தான்.

ஹாப்ஸ் விலை பற்றித் தொட்டிக்காவலன் சொன்னதைத் தொட்டு ஒன்று. லிட்டருக்கு 20 கிராம் போடுவதால் விலை ஏறுகிறது, சரி. அந்த 20 கிராம் எதற்கு? ஒரேகான் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கேஸ்கேட் ஹாப்ஸை வெவ்வேறு அளவில் போட்டுப் பார்த்த ஆய்வு 2018ல் வந்தது. லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டியதும் மணம் அதே வேகத்தில் ஏறவில்லை. பழமும் சிட்ரஸும் கூடுவதற்குப் பதிலாக மூலிகை, தேயிலை வாசனை பக்கம் சாய்ந்தது. அது ஒரே ஒரு ரகத்தை வைத்துச் செய்தது என்பது உண்மைதான், சிட்ராவுக்கு எல்லை வேறாக இருக்கலாம். ஆனாலும் லேபிளில் டபுள் ட்ரை ஹாப், ட்ரிபிள் ட்ரை ஹாப் என்று போடுவதற்காகவே ஹாப்ஸைக் கொட்டி, அந்தச் சேறோடு பீரை இழந்து, அந்த இழப்பையும் நம் தலையில் விலையாக ஏற்றுகிறார்கள். எனக்கு 8 கிராம் போட்டு, தெளிவாக, கசப்பாக ஒரு வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ கொடுங்கள் போதும்.

ப்ரூவர்ஸ் அசோசியேஷன் 2018ல் ஹேஸியைத் தனி வகையாகத் தன் பட்டியலில் சேர்த்தது. அதே சமயம் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ப்ரூட் ஐபிஏ கிளம்பியது, என்சைம் போட்டு மிச்ச சர்க்கரையெல்லாம் தின்னவிட்டு எலும்பு மாதிரி வறட்டு பீர். ஒரு வருடம் எல்லோரும் காய்ச்சினார்கள், அப்புறம் காணோம். எனக்கு அது பிடித்திருந்தது. பிளாக் ஐபிஏவும் அப்படித்தான் போனது. கெட்ட பீர் என்பதால் இவை போகவில்லை. கசப்பையும் வறட்சியையும் தாங்க முடியாத அளவுக்கு நம் நாக்கை இனிப்புக்குப் பழக்கிவிட்டார்கள்.

மால்ட்_மணியன்

உங்கள் எல்லோரையும்விடக் கொஞ்சம் வயதானவன். எனக்கு ஒரே ஒரு கருத்துதான், இதற்காக நான் எங்கேயும் சண்டை போடத் தயார். வாரம் ஒரு புது பீர் என்ற ஓட்டம்தான் நீங்கள் பேசும் இரண்டு பிரச்சினைக்கும் தாய். ஃபிரெஷ் பிரச்சினைக்கும் அதுதான், விலைப் பிரச்சினைக்கும் அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் அறுபது லேபிள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை காய்ச்சியது. முதல் வாரம் பாதி போகும், மீதி அலமாரியில் தூங்கும். அடுத்த வாரம் புதியவை வந்து முன்னால் நிற்கும். ஒரே பீரை வருடம் முழுக்க விற்கும் இடத்தில் சரக்கு சுழன்றுகொண்டே இருக்கும், பழசு தேங்காது. ப்ரூவருக்கும் ஒரே பீரை நூறு முறை காய்ச்சினால்தான் கை பழகும், வீண் குறையும். ஒவ்வொரு முறையும் புது ரெசிபி, புது லேபிள், புது ஹாப்ஸ் கலவை என்றால் அந்தச் செலவு யார் தலையில் விழும்?

அமெரிக்காவின் சியரா நெவாடா பேல் ஏல் 1980லிருந்து கேஸ்கேட் ஹாப்ஸோடு அதே பீர். பாட்டிலுக்குள்ளேயே கொஞ்சம் ஈஸ்ட் விட்டு வாயு ஏற்றுகிறார்கள், மாட்டிக்கொண்ட ஆக்ஸிஜனில் கொஞ்சத்தை அந்த ஈஸ்ட் தின்றுவிடும். எந்த ஊரில் எந்த மாதத்தில் திறந்தாலும் நான் எதிர்பார்க்கும் பீர் வருகிறது. இதைச் சலிப்பு என்கிறார்கள். நான் இதைத் தொழில் என்கிறேன். 1965ல் மூடப்போன சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரியில் ஃபிரிட்ஸ் மேடேக் காசு போட்டுக் காப்பாற்றியதிலிருந்துதான் இந்தக் கிராஃப்ட் கதையே தொடங்குகிறது. 2023 ஜூலையில் மூடுகிறோம் என்று அறிவிப்பு வந்தபோது பலர் அழுதார்கள். 2017ல் ஜப்பானின் சப்போரோ கம்பெனி கைக்குப் போனது, நோய்த்தொற்றுக் காலம், விற்பனைச் சரிவு என்று பல காரணம். எனக்கு வருத்தம் என்னவென்றால், அழுதவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தைய வருடம் ஒரு ஆங்கர் ஸ்டீம் வாங்கினார்கள் என்பதுதான்.

பீப்பாய்_அரசி

ஐயா, வாரம் ஒரு லேபிள் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் பழைய பீர்களே ஒரு காலத்தில் யாரும் கேட்காத புது முயற்சிதானே? ஒரு ப்ரூவரி நாலு பீரை நிலையாக வைத்துக்கொண்டு, வருடத்தில் சில புதிது காய்ச்சினால் இரண்டும் பிழைக்கும்.

விலையில் என் கோபம் அளவின் மேல்தான். 12 சதவீத ஸ்டவுட்டை முக்கால் லிட்டர் பாட்டிலில் விற்பது யாருக்காக? தனியாளாகத் திறந்தால் பாதி கொட்ட வேண்டும், இல்லை அளவுக்கு மீறிக் குடிக்க வேண்டும். பீப்பாயில் வருடம் முழுக்க வைத்த பீருக்கு விலை அதிகம் வைப்பது நியாயம். போர்பன் விஸ்கிக்கு ஒவ்வொரு முறையும் கருக்கிய புது ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம், அதனால்தான் பழைய பீப்பாய் நமக்கு வருகிறது. ஆனால் இப்போது அதற்கும் போட்டி. பீரில் ஒரு பங்கு மரத்தின் வழியே ஆவியாகியும் போகும். இதெல்லாம் புரிகிறது. கால் லிட்டர் பாட்டிலில் கொடுங்கள், லிட்டர் கணக்கில் இன்னும் கொஞ்சம் அதிகமாகக்கூட எடுத்துக்கொள்ளுங்கள், வாங்குகிறேன்.

கசப்பே_துணை

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். பெரிய கம்பெனி வாங்கியதால் பீர் கெட்டுவிட்டது என்று குடிக்காமலே சொல்கிறோம். கூஸ் ஐலண்ட் என்ற சிகாகோ ப்ரூவரி 2011ல் பெரிய கம்பெனி கைக்கு மாறியது. அதே வருடம்தான் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் சிறிய ப்ரூவரி என்பதற்கான உச்சவரம்பை வருடத்துக்கு 20 லட்சம் பீப்பாயிலிருந்து 60 லட்சமாக உயர்த்தியது. வெளி மதுக் கம்பெனியின் பங்கு 25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கிராஃப்ட், மேலே போனால் இல்லை. இது வியாபார விதி. நாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆக்ஸிஜன் கட்டுப்பாட்டில் பெரிய கம்பெனிகள் பல சின்ன ப்ரூவரிகளைவிட எவ்வளவோ மேல். காசு சுதந்திரமான சின்ன இடங்களுக்குப் போக வேண்டும் என்று நினைத்து நானும் அங்கேதான் வாங்குகிறேன். ஆனால் அதை ருசி என்று சொல்லி மற்றவர்களை நம்பவைக்கக் கூடாது.

தொட்டிக்காவலன்

இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் கசப்பே_துணை சொல்வது நிஜம். பெரிய லாகர் மந்தமான பீராக இருக்கலாம். மோசமாகச் செய்த பீர் இல்லை. பல நாடுகளில், பல ஆலைகளில், வருடம் முழுக்க அதே ருசியைக் கொண்டுவருவது சாதாரண வேலை இல்லை, நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கே நிறைய இருக்கிறது.

விலையில் எங்கள் கையில் இல்லாத பங்கும் உண்டு. பிரிட்டனில் 1993 முதல் பீருக்கு வரி ஆல்கஹால் அளவை வைத்து. வலு கூடினால் வரி கூடும். அமெரிக்காவில் 1933ல் மதுவிலக்கு முடிந்தபோது காய்ச்சுபவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று மூன்று படியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு கை எடுக்கும். அதனால்தான் ப்ரூவரி வாசலிலேயே விற்பது சின்ன இடங்களுக்கு உயிர்நாடி. முடிந்தால் அங்கேயே வந்து வாங்குங்கள். பீர் குளிர் அறையை விட்டு வெளியே வந்த நேரம் உங்கள் கண்முன்னாலேயே தெரியும்.

புதுவரவு

இரண்டு கேன் வாங்கிவிட்டேன், ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று அலமாரியில். மாதம் முடிந்ததும் எழுதுகிறேன். ஆனால் அடியில் தேதிக்குப் பதிலாக ஐந்து இலக்கம்தான் இருக்கிறது, 24 என்று தொடங்குகிறது. இன்னொரு கேனில் 'இதற்குள் குடிக்கவும்' என்று மட்டும் ஒரு தேதி. எது பேக் செய்த நாள்?

தொட்டிக்காவலன்

ஐந்து இலக்கம் என்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்று பொருள். 24136 என்றால் 2024ன் 136வது நாள், மே 15. 'இதற்குள் குடிக்கவும்' தேதியை வைத்து எதையும் ஒப்பிடாதீர்கள். ஒரு ப்ரூவரி நாலு மாதம் கொடுக்கும், இன்னொன்று ஒரு வருடம் கொடுக்கும். அதே வகை பீருக்கே இப்படி வேறுபடும்.

நுரைவளையம்

இதைத்தான் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். பேக் செய்த நாள், சாதாரண நாள்-மாதம்-வருடமாக, கண்ணுக்குத் தெரியும் இடத்தில். கூடவே குளிரில் வைக்கவும் என்று ஒரு வரி. தொட்டிக்காவலன், உங்கள் இடத்தில் எப்படி?

தொட்டிக்காவலன்

பேக் செய்த நாள் போடுகிறோம், ஆனால் அடியில், மங்கலான மையில். குளிர் வரி இல்லை. லேபிள் அடுத்த தடவை அச்சுக்குப் போகும்போது இரண்டையும் பக்கவாட்டில் கொண்டுவரக் கேட்கப்போகிறேன். விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள் தயங்குவார்கள், நாள் தெரிந்தால் பழைய சரக்கைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று. திருப்பி அனுப்பட்டும். அதை நாங்கள்தான் கொட்ட வேண்டும், வாங்கியவர் குடித்துத் தீர்க்கக் கூடாது.